வான்வழித் தொலைவும் பறப்பு நேரமும்

வான்வழித் தொலைவு என்பது புவியின் மேற்பரப்பில் உள்ள இரண்டு இடங்களுக்கு இடையே வானூர்தி ஒன்று பறக்க வேண்டிய தொலைவைக் குறிக்கும். இது இரண்டு பொருள்களில் வழங்கப்படுகிறது. முதலாவது, புவிக்கோளத்தின் மீது அவ்விரு இடங்களையும் இணைக்கும் மிகக் குறுகிய தொலைவு ஆகும். இது பெருவட்டத் தொலைவு எனப்படும். இரண்டாவது, காற்று, நாடுகளின் வான்பரப்புக் கட்டுப்பாடுகள், பாதுகாப்பு விதிகள் ஆகியவற்றைக் கருதி வானூர்தி உண்மையில் பறக்கும் தடத்தின் நீளம் ஆகும். முதல் தொலைவு மாறாதது. இரண்டாவது ஒவ்வொரு நாளும் மாறக்கூடியது.

பறப்பு நேரம் என்பது இத்தொலைவைக் கடக்க ஆகும் நேரம் ஆகும். தொலைவு தெரிந்தால் நேரமும் தெரிந்துவிடும் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. எனினும் ஒரே தொலைவுக்குப் போகும்போது ஒரு நேரமும் திரும்பும்போது வேறொரு நேரமும் ஆவது வழக்கம். கூடுதலான தொலைவைக் குறைவான நேரத்தில் கடந்த நிகழ்வுகளும் உண்டு. இக்கட்டுரை நாமக்கல் மாவட்டத்தில் காவிரிக் கரையில் அமைந்துள்ள பரமத்தி வேலூரை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவற்றை விளக்குகிறது.

பெருவட்டம்

ஒரு கோளத்தை அதன் மையத்தின் வழியாக வெட்டினால் மேற்பரப்பில் கிடைக்கும் வட்டம் பெருவட்டம் எனப்படும். நிலநடுக்கோடு ஒரு பெருவட்டம் ஆகும். ஒவ்வொரு தீர்க்கக்கோடும் (நிலநேர்க்கோடு) ஒரு பெருவட்டத்தின் பாதி ஆகும். நிலநடுக்கோடு தவிர்ந்த பிற அட்சக்கோடுகள் (நிலநிரைக்கோடுகள்) பெருவட்டங்கள் அல்ல.

கோளத்தின் மீது இரு புள்ளிகளுக்கு இடையே உள்ள மிகக் குறுகிய வழி, அவற்றின் வழியாகச் செல்லும் பெருவட்டத்தின் சிறிய வில் ஆகும். ஒரு பந்தின் மீது இரண்டு புள்ளிகளைக் குறித்து அவற்றுக்கு இடையே நூலை இறுக்கிப் பிடித்தால், அந்நூல் தானாகவே பெருவட்டத்தின் மீது அமைவதைக் காணலாம்.

தட்டையான நிலப்படத்தில் இவ்வழி பெரும்பாலும் வளைந்த கோடாகவே தோன்றும். 1569 இல் மெர்காட்டர் உருவாக்கிய நிலப்பட முறையில் ஒரே திசைகாட்டிக் கோணத்தில் செல்லும் வழி நேர்கோடாகத் தோன்றும். அது மாலுமிகளுக்கு வசதியானது. ஆனால் அந்த நேர்கோடு மிகக் குறுகிய வழி அன்று. சென்னையிலிருந்து இலண்டனுக்குப் பெருவட்டத் தொலைவு சுமார் 8,230 கி.மீ. ஆகும். திசை மாறாத வழியில் சென்றால் இது சுமார் 8,480 கி.மீ. ஆகிவிடும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 250 கி.மீ. ஆகும்.

ஒரு பாகையின் நீளம்

தொலைவைக் கணக்கிடப் புவியின் அளவு தெரிந்திருக்க வேண்டும். புவியின் சராசரி ஆரம் 6,371 கி.மீ. எனக் கொள்ளப்படுகிறது. இதன்படி பெருவட்டத்தில் ஒரு பாகையின் (டிகிரி) நீளம் சுமார் 111.2 கி.மீ. ஆகும். ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை (நிமிடம்) ஆகும். இதன் நீளத்தை அடிப்படையாகக் கொண்டதே கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. ஆகும். வானூர்தி ஓட்டுநர்கள் இன்றும் தொலைவைக் கடல் மைலிலும் வேகத்தை நாட்டிலும் (மணிக்கு ஒரு கடல் மைல்) அளக்கின்றனர்.

ஒரு பாகையின் நீளத்தைத் துல்லியமாக அளக்கும் பணியில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. வில்லியம் லாம்டன் 1802 இல் சென்னை பரங்கிமலைக்கு அருகில் அடித்தளக் கோடு ஒன்றை அளந்து இந்தியப் பெரும் முக்கோணவியல் அளவையைத் தொடங்கினார். அவர் குமரிமுனையிலிருந்து வடக்கு நோக்கி, ஏறத்தாழ 78 பாகை கிழக்குத் தீர்க்கக்கோட்டை ஒட்டி ஒரு நீண்ட வில்லை அளக்க முற்பட்டார். இது இந்தியாவின் பெரும் வில் எனப்படுகிறது. 1808 இல் தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தின் மீது ஏற்றும்போது அவருடைய கோணமானி மோதிச் சேதமுற்றது. 1823 இல் லாம்டன் மறைந்த பின்னர் சார்ச் எவரெசுட்டு இப்பணியைத் தொடர்ந்து இமயமலை அடிவாரம் வரை கொண்டு சென்றார். பரமத்தி வேலூரும் ஏறத்தாழ இதே 78 பாகை கிழக்குத் தீர்க்கக்கோட்டில் அமைந்துள்ளது.

இத்தகைய அளவைகள் புவி முழுமையான கோளம் அன்று என்பதை உறுதி செய்தன. நிலநடுக்கோட்டில் புவியின் ஆரம் சுமார் 6,378 கி.மீ., துருவத்தில் சுமார் 6,357 கி.மீ. ஆகும். துல்லியமான கணக்கீடுகளில் இத்தட்டை வடிவம் கருத்தில் கொள்ளப்படுகிறது. பொதுத் தேவைகளுக்குக் கோளம் எனக் கொண்டால் போதுமானது. அதனால் ஏற்படும் பிழை பெரும்பாலும் நூற்றுக்கு அரை பங்கைத் தாண்டாது.

கணக்கிடும் முறை

இரண்டு இடங்களின் அட்சக்கோடுகள் அ1, அ2 எனவும், அவற்றின் தீர்க்கக்கோடுகளின் வேறுபாடு வே எனவும், கோணத் தொலைவு தொ எனவும் கொண்டால் பின்வரும் வாய்பாடு கிடைக்கும்:

கோசைன்(தொ) = சைன்(அ1) × சைன்(அ2) + கோசைன்(அ1) × கோசைன்(அ2) × கோசைன்(வே)

எடுத்துக்காட்டாக, பரமத்தி வேலூருக்கும் சிங்கப்பூருக்கும் இடையே உள்ள தொலைவைக் காணலாம். பரமத்தி வேலூர் 11.1 பாகை வடக்கு, 78.0 பாகை கிழக்கு. சிங்கப்பூர் சாங்கி வானூர்தி நிலையம் 1.4 பாகை வடக்கு, 104.0 பாகை கிழக்கு.

- தீர்க்கக்கோட்டு வேறுபாடு: 104.0 - 78.0 = 26.0 பாகை
- சைன் பெருக்கல்: 0.1925 × 0.0244 = 0.0047
- கோசைன் பெருக்கல்: 0.9813 × 0.9997 × 0.8988 = 0.8817
- கூட்டுத்தொகை: 0.8864
- இக்கோசைனுக்குரிய கோணம்: சுமார் 27.6 பாகை
- தொலைவு: 27.6 × 111.2 = சுமார் 3,070 கி.மீ.

பள்ளி மாணவர்கள் முக்கோணவியல் அட்டவணையைக் கொண்டே இக்கணக்கைச் செய்ய இயலும். தென் அட்சக்கோடுகளையும் மேற்குத் தீர்க்கக்கோடுகளையும் எதிர்க்குறியுடன் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பரமத்தி வேலூரிலிருந்து சில தொலைவுகள்

பரமத்தி வேலூரில் வானூர்தி நிலையம் இல்லை. அருகில் உள்ள நிலையங்களுக்கு நேர்கோட்டுத் தொலைவுகள் ஏறத்தாழப் பின்வருமாறு:

- சேலம் (கமலாபுரம்): 75 கி.மீ.
- திருச்சிராப்பள்ளி: 86 கி.மீ.
- கோயம்புத்தூர்: 105 கி.மீ.
- பெங்களூரு (தேவனஹள்ளி): 235 கி.மீ.
- சென்னை (மீனம்பாக்கம்): 315 கி.மீ.

சேலம் நிலையம் மிக அருகில் இருந்தாலும் அங்கிருந்து உள்நாட்டுச் சேவைகள் மட்டுமே நடந்து வந்துள்ளன. அவையும் பல ஆண்டுகள் தடைப்பட்டிருந்து 2018 இல் தொடங்கி, 2021 இல் நின்று, 2023 இல் மீண்டும் தொடங்கின. எனவே வெளிநாடு செல்வோர் பெரும்பாலும் கரூர் வழியாகத் திருச்சிராப்பள்ளிக்கே செல்கின்றனர். திருச்சிராப்பள்ளியிலிருந்து சில நகரங்களுக்கான பெருவட்டத் தொலைவுகள்:

- கொழும்பு: சுமார் 420 கி.மீ.
- கோலாலம்பூர்: சுமார் 2,690 கி.மீ.
- துபாய்: சுமார் 2,940 கி.மீ.
- சிங்கப்பூர்: சுமார் 2,980 கி.மீ.

பறப்பு நேரத்தின் கூறுகள்

பயணிகள் வானூர்திகள் பொதுவாக 10 முதல் 12 கி.மீ. உயரத்தில், காற்றைப் பொறுத்து மணிக்கு 830 முதல் 900 கி.மீ. வேகத்தில் செல்கின்றன. இவ்வேகம் முழுப் பயணத்திலும் இருப்பதில்லை. தரையில் ஓடுதல், மேலேறுதல், இறங்குதல், இறங்குவதற்கான முறைக்காகக் காத்திருத்தல் ஆகியவற்றில் வேகம் குறைவு. இதனால் தொலைவை வேகத்தால் வகுத்து வரும் நேரத்துடன் சுமார் அரை மணி நேரத்தைக் கூட்டினால் ஓரளவு சரியான விடை கிடைக்கும். திருச்சிராப்பள்ளி - சிங்கப்பூர் தொலைவை மணிக்கு 850 கி.மீ. வேகத்தில் கடக்க மூன்றரை மணி ஆகும். அரை மணியைக் கூட்டினால் நான்கு மணி ஆகிறது. நடைமுறையிலும் இப்பயணம் நான்கு மணியை ஒட்டியே அமைகிறது.

கால அட்டவணையில் தரப்படும் நேரம், வானூர்தி நிறுத்துமிடத்தை விட்டு நகர்வது முதல் மறு நிலையத்தின் நிறுத்துமிடத்தில் நிற்பது வரையிலான நேரம் ஆகும். வானில் இருக்கும் நேரம் இதைவிடக் குறைவு.

கடிகார நேரமும் உண்மை நேரமும்

பயணச்சீட்டில் புறப்படும் நேரமும் சேரும் நேரமும் அந்தந்த இடத்தின் நேரப்படியே அச்சிடப்படுகின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் பறப்பு நேரம் கிடைக்காது. மேலே தந்த பட்டியலில் துபாயும் சிங்கப்பூரும் திருச்சிராப்பள்ளியிலிருந்து ஏறத்தாழ ஒரே தொலைவில், எதிரெதிர்த் திசைகளில் உள்ளன. இரண்டுக்கும் நான்கு மணி நேரம் ஆவதாகக் கொள்வோம்.

இந்திய நேரம் காலை 6.00 மணிக்குப் புறப்படும் வானூர்தி, இந்திய நேரம் 10.00 மணிக்குச் சேரும். சிங்கப்பூர் நேரம் இந்திய நேரத்துக்கு இரண்டரை மணி முந்தியது. ஆகையால் அங்கே கடிகாரம் நண்பகல் 12.30 எனக் காட்டும். துபாய் நேரம் இந்திய நேரத்துக்கு ஒன்றரை மணி பிந்தியது. அங்கே கடிகாரம் காலை 8.30 எனக் காட்டும். சீட்டை மட்டும் பார்ப்பவருக்குச் சிங்கப்பூர் ஆறரை மணித் தொலைவிலும் துபாய் இரண்டரை மணித் தொலைவிலும் இருப்பதாகத் தோன்றும். இணைப்பு வானூர்தியைப் பிடிக்க வேண்டியவர்களும், நிலையத்துக்கு உறவினரை வரவேற்கச் செல்பவர்களும் இவ்வேறுபாட்டை அறிந்திருப்பது இன்றியமையாதது.

காற்றின் பங்கு

பறப்பு நேரத்தை மிகுதியாக மாற்றுவது உயர்வளிமண்டலக் காற்று ஆகும். நடு அட்சக்கோடுகளில் 9 முதல் 12 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வேகமாக வீசும் குறுகிய காற்றோட்டம் தாரைக் காற்று (சூறைத்தாரை) எனப்படும். இதன் வேகம் மணிக்கு 200 கி.மீ.க்கு மேலும் செல்வதுண்டு. 1920களில் சப்பானைச் சேர்ந்த வசாபுரோ ஓயிசி இதனைப் பலூன்களைக் கொண்டு கண்டறிந்தார். குளிர்காலத்தில் வட இந்தியாவின் மீதும் இத்தகைய மேலைக் காற்று வலுவாக வீசும். கிழக்கு நோக்கிச் செல்லும் வானூர்திக்கு இது துணைக்காற்று. மேற்கு நோக்கிச் செல்வதற்கு எதிர்க்காற்று. இதனால் இலண்டனிலிருந்து சென்னைக்கு வரும் நேரம், சென்னையிலிருந்து இலண்டனுக்குச் செல்லும் நேரத்தைவிடப் பொதுவாகக் குறைவு.

தென்னிந்தியாவின் மீது தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் நிலைமை மாறுகிறது. சூன் முதல் செப்டம்பர் வரை மிக உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக வீசும் வெப்பமண்டலக் கீழைத் தாரைக் காற்று உருவாகிறது. இதனை விளக்கிய ஆய்வை இந்திய வானிலையியலாளர் பி. கோட்டீசுவரம் 1958 இல் வெளியிட்டார்.

போகும்போது எதிர்க்காற்றில் இழந்த நேரத்தைத் திரும்பும்போது முழுமையாகப் பெற்றுவிடலாம் என்பது சரியன்று. 8,000 கி.மீ. தொலைவையும் மணிக்கு 900 கி.மீ. வேகத்தையும் கொண்டால், காற்று இல்லாதபோது போய்வர 17 மணி 47 நிமிடம் ஆகும். மணிக்கு 100 கி.மீ. காற்று இருந்தால் ஒரு வழிக்கு 8 மணியும் மறு வழிக்கு 10 மணியும், மொத்தம் 18 மணி ஆகும். எதிர்க்காற்றில் வானூர்தி அதிக நேரம் பறக்க நேர்வதே இதற்குக் காரணம். காவிரியில் எதிர்நீச்சல் அடித்துத் திரும்புபவருக்கும் இதே கணக்குப் பொருந்தும்.

நீண்ட வழியே விரைவான வழியாதல்

தில்லிக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையே பெருவட்டத் தொலைவு சுமார் 12,400 கி.மீ. ஆகும். ஏர் இந்தியா நிறுவனம் 2015 டிசம்பரில் இச்சேவையைத் தொடங்கியபோது வானூர்திகள் மேற்கு நோக்கி அத்திலாந்திக்குப் பெருங்கடலைக் கடந்து சென்றன. அத்தடம் சுமார் 13,900 கி.மீ. நீளமுடையது. 2016 அக்டோபரில் கிழக்கு நோக்கிப் பசிபிக்குப் பெருங்கடலைக் கடக்கும் தடத்துக்கு மாறியது. இத்தடம் சுமார் 15,300 கி.மீ. நீளமுடையது. தொலைவு 1,400 கி.மீ. கூடியபோதும் துணைக்காற்றின் உதவியால் பயணம் சுமார் பதினான்கரை மணியில் முடிந்தது. முன்னைய தடத்தைவிட இது ஏறத்தாழ இரண்டு மணி நேரம் குறைவு.

2021 சனவரி 9 அன்று சான் பிரான்சிஸ்கோவிலிருந்து புறப்பட்ட ஏர் இந்தியாவின் வானூர்தி ஒன்று வட துருவத்தின் வழியாகப் பறந்து பெங்களூரை அடைந்தது. ஓட்டுநர்கள் அனைவரும் பெண்களாக இருந்த அப்பயணத்துக்குச் சோயா அகர்வால் தலைமை ஏற்றார். இவ்விரு நகரங்களுக்கும் இடையே பெருவட்டத் தொலைவு சுமார் 14,000 கி.மீ. ஆகும். பெருவட்ட வழி துருவத்தைத் தொடாமல் 71 பாகை வடக்கு வரை மட்டுமே செல்லும். துருவ வழி அதைவிட நீண்டது எனினும், பசிபிக்கின் மீது வீசும் எதிர்க்காற்றைத் தவிர்க்க உதவுகிறது. 9 ஆம் நாள் இரவு புறப்பட்ட வானூர்தி 11 ஆம் நாள் அதிகாலையில் தரையிறங்கியது. பறந்த நேரம் சுமார் 17 மணி. மீதி பதின்மூன்றரை மணி இரு இடங்களின் நேர வேறுபாடு ஆகும்.

வான்பரப்புக் கட்டுப்பாடுகள்

பெருவட்ட வழியில் பறக்க இடையில் உள்ள நாடுகளின் இசைவு தேவை. சென்னை - இலண்டன் பெருவட்டம் மகாராட்டிரம், மேற்குப் பாகிசுத்தான், ஈரான், காசுப்பியன் கடல், அசர்பைசான், கிரிமியா, போலந்துப் பகுதிகளை ஒட்டிச் செல்கிறது. இவற்றில் பல பகுதிகள் அண்மைக் காலத்தில் வானூர்திகளுக்கு மூடப்பட்டன.

- 2014 சூலை 17 அன்று ஆம்சுடர்டாமிலிருந்து கோலாலம்பூருக்குச் சென்ற மலேசிய வானூர்தி எம்.எச்.17 கிழக்கு உக்ரைன் மீது சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் உயிரிழந்தனர். அதன் பின்னர் போர்ப் பகுதிகளின் மீது பறப்பது குறித்த கண்காணிப்பு உலகெங்கும் கடுமையானது.
- 2019 பிப்ரவரி இறுதி முதல் சூலை நடுப்பகுதி வரை பாகிசுத்தான் தன் வான்பரப்பின் பெரும்பகுதியை மூடியது.
- 2022 பிப்ரவரி 24 அன்று உக்ரைனின் வான்பரப்பு மூடப்பட்டது. தொடர்ந்து உருசியா பல மேலை நாட்டு நிறுவனங்களுக்குத் தன் வான்பரப்பை மூடியது.
- 2025 ஏப்ரல் 24 அன்று பாகிசுத்தான் இந்திய நிறுவனங்களுக்குத் தன் வான்பரப்பை மூடியது. ஏப்ரல் 30 அன்று இந்தியாவும் அவ்வாறே செய்தது.

இத்தகைய நாட்களில் வானூர்திகள் சுற்றிச் செல்ல நேர்கிறது. இதனால் எரிபொருள் கூடுதலாகத் தேவைப்படுவதுடன், சில வேளைகளில் இடையில் இறங்கி எரிபொருள் நிரப்ப வேண்டியும் வருகிறது. நிலப்படத்தில் மிகக் குறுகியதாக உள்ள வழி, மனித உயிர்களைக் கருதும்போது தகுந்த வழியாக இல்லாமல் போகலாம்.

இரண்டு பொறிகள் மட்டும் கொண்ட வானூர்திகளுக்கு மற்றொரு விதியும் உண்டு. ஒரு பொறி பழுதானால் குறித்த நேரத்துக்குள் அடையக்கூடிய நிலையம் ஒன்று வழியில் எப்போதும் இருக்க வேண்டும். பெருங்கடல்களையும் துருவப் பகுதியையும் கடக்கும் தடங்கள் இவ்விதிக்கு உட்பட்டே வகுக்கப்படுகின்றன.

வரலாறு

இந்திய வான்வழிப் போக்குவரத்தின் தொடக்க காலத்தில் தொலைவு சிறு சிறு கட்டங்களாகவே கடக்கப்பட்டது. 1932 அக்டோபர் 15 அன்று ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாக மும்பைக்கு அஞ்சல் வானூர்தியை ஓட்டி வந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்கு ஓட்டிச் சென்றார். 1948 சூன் 8 அன்று மும்பையிலிருந்து புறப்பட்ட ஏர் இந்தியாவின் முதல் இலண்டன் வானூர்தி, கெய்ரோ, செனீவா ஆகிய இடங்களில் நின்று சூன் 10 அன்று இலண்டனை அடைந்தது. மும்பை - இலண்டன் பெருவட்டத் தொலைவு சுமார் 7,200 கி.மீ. ஆகும். 1960 இல் போயிங் 707 தாரை வானூர்திகள் வந்த பின்னர் நேரம் வெகுவாகக் குறைந்தது. அண்மைக் காலத்தின் மிக நீண்ட இடைநில்லாச் சேவைகளில் ஒன்றான சிங்கப்பூர் - நியூயார்க் தடம் சுமார் 15,300 கி.மீ. நீளமுடையது. அதற்கு 18 மணி நேரத்துக்கும் மேல் ஆகும்.

புவிச் சுழற்சி குறித்த தவறான கருத்து

புவி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்வதால், மேற்கு நோக்கிச் செல்லும் வானூர்தி இலக்கை விரைவில் அடைய வேண்டும் என்ற கருத்து மாணவர்களிடையே காணப்படுகிறது. இது தவறு. வளிமண்டலமும் அதிலுள்ள வானூர்தியும் புவியுடன் சேர்ந்தே சுழல்கின்றன. ஓடும் தொடர்வண்டிக்குள் மேலே எறிந்த பந்து எறிந்தவர் கையிலேயே விழுவது போன்றதே இது. நேர வேறுபாட்டுக்குக் காரணம் காற்று ஆகும். புவிச் சுழற்சி அக்காற்றின் திசையை உருவாக்குவதில் மறைமுகமாகப் பங்கு கொள்கிறது.

மொத்தப் பயண நேரம்

வீட்டு வாயிலிலிருந்து கணக்கிட்டால் பறப்பு நேரம் மொத்தப் பயணத்தின் ஒரு பகுதி மட்டுமே. பரமத்தி வேலூரிலிருந்து திருச்சிராப்பள்ளி நிலையத்துக்குச் சாலை வழியே சுமார் 100 கி.மீ. ஆகும். இதற்கு இரண்டு முதல் இரண்டரை மணி தேவை. வெளிநாட்டுப் பயணிகள் மூன்று மணி நேரம் முன்னதாக வர அறிவுறுத்தப்படுகின்றனர். சிங்கப்பூருக்குப் பறக்க நான்கு மணி. அங்கே குடிவரவுச் சோதனை முடிந்து வெளியேற ஏறத்தாழ ஒரு மணி. மொத்தம் பத்து மணியில் வானூர்தியில் கழிவது நான்கு மணி மட்டுமே. எனவே குறுந்தொலைவுப் பயணங்களில் வானூர்தியின் வேகத்தைவிட அருகில் நிலையம் இருப்பதே நேரத்தை மிகுதியாகக் குறைக்கிறது. பரமத்தி வேலூர் வட்டாரத்தில் விளையும் வெற்றிலை போன்று விரைவில் வாடும் பொருள்களுக்கும் இது பொருந்தும். அவற்றுக்குச் சந்தை எத்தனை கிலோமீட்டரில் உள்ளது என்பதைவிட எத்தனை மணியில் உள்ளது என்பதே முதன்மையானது.

இவற்றையும் பார்க்க

- பெருவட்டம்
- தீர்க்கக்கோடு
- நேர வலயம்
- தாரைக் காற்று
- இந்தியப் பெரும் முக்கோணவியல் அளவை
- திருச்சிராப்பள்ளி பன்னாட்டு வானூர்தி நிலையம்
- பரமத்தி வேலூர்